அடியில் பிறக்கும் சுவை

டொமினிக்கன் குடியரசில் மதியச் சாப்பாட்டுக்கு ‘லா பண்டேரா’ என்று பெயர். நாட்டின் கொடியை நினைத்து வைத்த பெயர் அது. வெள்ளைச் சோறு, சிவப்புப் பயறு, கெட்டியாக வெந்த கறிக்குழம்பு மூன்றும் ஒரே தட்டில் இருக்கும். ஓரத்தில் கொஞ்சம் காய்கறி சாலட், ஒரு கீற்று வெண்ணெய்ப்பழம், தட்டிப் பொரித்த வாழைக்காய். (கிரிக்கெட் வழியாக நமக்குத் தெரிந்த டொமினிக்கா வேறு தீவு. இது ஹெய்ட்டியோடு ஒரே தீவைப் பகிர்ந்துகொண்டிருக்கும், ஸ்பானிய மொழி பேசும் நாடு.) நடுப்பகல் நெருங்கும்போது தலைநகர் சாந்தோ தொமிங்கோவின் குடியிருப்புத் தெருக்களில் நடந்தால் வீட்டுக்கு வீடு ஒரே வாசனை வரும்: எண்ணெயில் பூண்டு, அதன்மேல் ஒரேகானோ.

அந்த ஊரில் குடியிருந்த காலத்தில் கற்றுக்கொண்டு இன்றுவரை என் அடுப்பில் விடாமல் செய்துவரும் சமையல் இது. “என்ன மசாலா போடுவீர்கள்?” என்பதுதான் நம்மவர்கள் என்னிடம் முதலில் கேட்பது. மசாலா என்று சொல்லும்படி ஒன்றும் இல்லை. மிளகாய்த்தூள் வேண்டாம், மல்லித்தூள் வேண்டாம். அன்றாடச் சாப்பாட்டில் காரத்துக்கே இடம் கிடையாது. இந்தச் சமையலின் சுவை பாத்திரத்தின் அடியில் பிறக்கிறது. கறியோ பயறோ சோறோ, அடியில் என்ன நடக்கிறது என்று மூக்காலும் காதாலும் கவனித்துக்கொண்டே இருப்பவருக்குத்தான் அது கைகூடும். இத்தனை வருடம் சமைத்ததில் நான் உறுதியாக நம்புவது இதைத்தான்.

ஆகவே பாத்திரத்திலிருந்தே தொடங்க வேண்டும். அங்கே எல்லா வீட்டிலும் இருப்பது கல்டெரோ என்ற சட்டி. வார்ப்பு அலுமினியம், அடி கனம், பக்கங்கள் நேராக ஏறி இரண்டு காதுகளில் முடியும். புதுச் சட்டியை அப்படியே அடுப்பில் ஏற்ற மாட்டார்கள். உள்ளே எண்ணெய் தடவிக் காய்ச்சி, ஆறவிட்டுத் துடைத்து, மறுபடியும் தடவிப் பழக்குவார்கள். அது கிடைக்காத இடத்தில் அடி கனத்த இரும்புச் சட்டி போதும். நான்-ஸ்டிக் பாத்திரம் மட்டும் கூடாது. எதுவுமே ஒட்டாத பாத்திரத்தில் இந்தச் சுவைக்கு வழியே இல்லை.

கோழிக்கறிக்கு வருகிறேன். ‘போயோ கிசாதோ’ என்பார்கள். தோல் நீக்கிச் சின்னத் துண்டுகளாக வெட்டி, எலுமிச்சை தேய்த்துக் கழுவிய கோழி. பிலோன் என்கிற மர உரலில் பூண்டையும் உப்பையும் உலர்ந்த ஒரேகானோவையும் சேர்த்து இடித்து, புளிப்பு ஆரஞ்சுச் சாறு விட்டுக் கரைத்து, துண்டுகளில் பிசறி அரைமணி நேரம் வைத்தால் ஊறிவிடும். புளிப்பு ஆரஞ்சு இல்லாவிட்டால் எலுமிச்சைச் சாறும் ஆரஞ்சுச் சாறும் பாதிக்குப் பாதி கலந்துகொள்ளலாம். ஒரேகானோ என்றதும் பீட்சாவின் மேல் தூவுவதை நினைக்க வேண்டாம். இது லிப்பியா இனத்தைச் சேர்ந்த வேறொரு செடி, வாசனை இன்னும் முரடானது. வறண்ட வடமேற்கில் காடாக வளர்ந்து கிடக்கும். மோந்தே கிறிஸ்திப் பக்கத்து ஆடுகள் அதையே மேய்ந்து வளர்வதால், அறுக்கும் முன்பே கறியில் மசாலா ஏறியிருக்கும் என்று அந்தப் பக்கத்துக்காரர்கள் பெருமையாகச் சொல்வார்கள்.

இனி வருவதுதான் கறியின் உயிர். சட்டியில் இரண்டு மூன்று கரண்டி எண்ணெய் காய்ந்ததும் ஒரு தேக்கரண்டி நாட்டுச்சர்க்கரையைத் தூவ வேண்டும். கிளறக் கூடாது. முதலில் ஓரங்கள் இளகும். பிறகு நடுவில் நுரை கட்டித் தேன் நிறமாகும். அதிலிருந்து செம்பு நிறம், செம்பிலிருந்து காப்பிக்கொட்டை நிறம். புகை கிளம்பப் போகிறது என்று தோன்றும் அந்த நொடியில் கோழித் துண்டுகளை ஒவ்வொன்றாக இறக்க வேண்டும். எண்ணெய் தெறிக்கும், கையைத் தள்ளி வைத்துக்கொள்ளுங்கள். தேன் நிறத்திலேயே அவசரப்பட்டுப் போட்டால் குழம்பு தித்திக்கும். கருக்கவிட்டால் கசக்கும், அதற்கு மாற்று மருந்தே இல்லை. எண்ணெயைக் கொட்டிவிட்டு மறுபடி தொடங்குவதுதான் வழி. சரியான நொடியில் போட்டால் இனிப்பின் சுவடே நாக்கில் தெரியாது. நிறமும் ஆழமும் மட்டும் நிற்கும்.

அந்த ஒரு தேக்கரண்டிச் சர்க்கரையைத் தூவும்போதெல்லாம் எனக்கு அதன் கதை நினைவுக்கு வரும். 1493இல் கொலம்பஸ் இரண்டாம் முறை வந்தபோது அந்தத் தீவுக்குக் கரும்பு வந்தது. அடுத்த சில பத்தாண்டுகளுக்குள், அமெரிக்கக் கண்டத்தின் முதல் சர்க்கரை ஆலைகள் அங்கேதான் எழுந்தன. ஆப்பிரிக்காவிலிருந்து அடிமைகளாகப் பிடித்து வரப்பட்டவர்களின் உழைப்பில் அவை ஓடின. கொலம்பஸின் மகன் தியேகோவின் ஆலையில் 1521 டிசம்பரில் அந்த மக்கள் கிளர்ந்தெழுந்தார்கள். அந்தச் சர்க்கரை வழியாகத் தட்டில் அவர்களும் இருக்கிறார்கள். தட்டிலுள்ள மற்றவையும் இப்படி வந்து சேர்ந்தவைதான். வாழைக்காய், 1516இல் தோமாஸ் தெ பெர்லாங்கா என்ற பாதிரியார் கானரித் தீவுகளிலிருந்து கொண்டுவந்த வாழையின் வழி வந்தது என்பது பழைய ஸ்பானியப் பதிவு. அரிசியும் கோழியும் கடல் கடந்தவைதான். பயறோ அந்தக் கண்டத்துக்கே சொந்தம்; தீவின் பூர்வகுடிகளான தாயினோ மக்கள் முன்பே விளைவித்து உண்டது.

கறிக்குத் திரும்புவோம். துண்டுகள் எல்லாப் பக்கமும் சிவந்ததும் மூடிவைத்து, தண்ணீரை இரண்டு மூன்று கரண்டிக்கு மேல் ஒருசேர ஊற்றாமல் வேகவிட வேண்டும். தண்ணீர் வற்றும், அடியில் பிசுபிசுப்பாகப் பிடிக்கும், சத்தம் கொதிப்பிலிருந்து பொரிப்புக்கு மாறும். அந்தச் சத்தம் வந்ததும் இன்னும் இரண்டு கரண்டி தண்ணீர் விட்டு அடியைச் சுரண்டிக் கிளற வேண்டும். மறுபடி வற்றவிட்டு, மறுபடி சுரண்ட வேண்டும். ஒவ்வொரு சுற்றுக்கும் குழம்பு ஒரு படி கறுத்துக் கனக்கும். கால் லிட்டர் தண்ணீரை ஒரேயடியாக ஊற்றி வேகவைத்தாலும் கறி வெந்துவிடும்தான். ஆனால் அது அவித்த கறி. வெங்காயம், குபனேலா என்கிற காரமில்லாத நீளக் குடைமிளகாய், கொஞ்சம் தக்காளி விழுது, நாலைந்து ஆலிவ் காய், ஒரு பிடி மல்லித்தழை இவையெல்லாம் கடைசிக் கட்டத்தில்.

பயறை நான் கற்றது கீழ்வீட்டு அம்மாளிடம். அவர் சான் ஹுவான் தெ லா மகுவானாக்காரர். பயறுக்குப் பேர்போன மேற்குச் சமவெளி. அவர் வீட்டில் பயறு தொடுகறி அல்ல, அதற்குத்தான் முதல் மரியாதை. நம் ஊர் ராஜ்மா போன்ற சிவப்புப் பயறை முதல் நாள் இரவே ஊறப்போட்டு, மறுநாள் ஊறிய தண்ணீரைக் கொட்டிவிட்டுப் புதுத் தண்ணீரில் வேகவைக்க வேண்டும். குறைந்தது பத்து நிமிடமாவது தளதளவென்று கொதிக்க வேண்டும். அரைவேக்காட்டுச் சிவப்புப் பயறு வயிற்றைப் பாடாய்ப்படுத்தும். வேறு சட்டியில் எண்ணெய், பூண்டு, வெங்காயம், குபனேலா, ஒரேகானோ, நீள இலை மல்லி போட்டு வதக்கி, தக்காளி விழுதையும் சேர்த்து எண்ணெயில் நிறம் மாறும்வரை பிரட்டிவிட்டு, வெந்த பயறை அதன் தண்ணீரோடு சேர்க்க வேண்டும். (தெருமுனை கொல்மாடோக் கடையில் தக்காளி விழுதைக் கரண்டிக் கணக்கிலும் வாங்கலாம். அன்றன்றைக்கு வேண்டியதை அன்றன்றைக்கு வாங்கிச் சமைக்கும் ஏழை வீடுகளுக்காக ஏற்பட்ட அந்த வியாபாரத்தின் மேல் எனக்குத் தனி மதிப்பு உண்டு.)

பயறைக் கெட்டிப்படுத்த அவர்கள் மாவு கரைத்து ஊற்றுவதில்லை. அதற்கு அவுயாமா, அதாவது பரங்கிக்காய். பெரிய துண்டுகளாகப் போட்டால் அவை மெல்லக் கரைந்து அடியில் இறங்கி, குழம்புக்கு வழவழப்பும் நிறமும் தரும். எப்போது இறக்குவது என்று நான் கேட்டபோது அந்த அம்மாள் கடிகாரத்தைப் பார்க்கச் சொல்லவில்லை. “கரண்டியை முக்கி எடு மகளே, அதன் முதுகைப் பார். குழம்பு ஓடினால் இன்னும் நேரம் இருக்கிறது. போர்வை மாதிரி ஒட்டிக்கொண்டு நின்றால் அடுப்பை அணை.” “டோன்யா, உப்பு எப்போது?” என்றேன். “அப்புறம்தான். முதலில் அது வெந்து முடியட்டும்.” இன்றைக்கு அங்கேயும் சூப் கட்டியைப் போட்டு வேலையைச் சுருக்கிக்கொள்ளும் வீடுகள் நிறைய. நான் அதைப் பயன்படுத்துவதில்லை. பரங்கிக்காயும் ஒரேகானோவும் சேர்ந்து எழுப்பும் மெல்லிய சுவையை அந்தக் கட்டியின் உப்பு மூடிவிடுகிறது.

சோற்றைப் பற்றி நமக்குச் சொல்ல ஒருவர் தேவையா என்று நினைக்கலாம். தேவைதான். நம் வீட்டில் சோறு அடிப்பிடித்தால் சமைத்தவருக்குக் குறை. அங்கே அடிப்பிடிக்காவிட்டால்தான் குறை. பொன்னிறமாக மொறுமொறுவென்று அடியில் பிடித்த அந்தத் தகட்டுக்குக் கொன்கொன் என்று பெயர். அதற்காகவே இரண்டாம் முறை தட்டை நீட்டுவார்கள். நாலு கப் நீள அரிசிக்கு ஆறு கப் தண்ணீர், நாலைந்து மேசைக்கரண்டி எண்ணெய், உப்பு. எண்ணெயும் தண்ணீரும் கொதித்ததும் கழுவிய அரிசியைப் போட்டு, அடியில் ஒட்டாமல் அடிக்கடி கிளறிக்கொண்டே தண்ணீரை வற்றவிட வேண்டும். மேற்பரப்பில் குழிகுழியாகத் துளைகள் தெரிந்து தண்ணீர் காணாமல் போனதும் தீயைச் சிறிதாக்கி, இறுக மூடி, கால் மணி நேரம் தொடாமல் விட வேண்டும். பிறகு திறந்து ஒரே ஒரு முறை மேல்சோறு கீழாகப் புரட்டி, ஓரத்தைச் சுற்றிக் கொஞ்சம் எண்ணெய் விட்டு மறுபடி மூட வேண்டும்.

அங்கிருந்து காதுக்குத்தான் வேலை. ஈரம் இருக்கும்வரை அடியில் முணுமுணுப்பு கேட்கும். அது நின்று, பொட்டுப் பொட்டென்று வறண்ட சத்தம் வரும். கூடவே அவல் வறுக்கும் மணம் எழும். அதன்பின் ஒன்றிரண்டு நிமிடம் தாங்கும், அதற்குமேல் கரிதான். மேல்சோற்றை எல்லோருக்கும் பரிமாறியபின் இரும்புக் கரண்டியால் அடியை அழுத்திப் பெயர்த்தால் கொன்கொன் பெரிய பெரிய சில்லுகளாக வரும். அதன்மேல் பயறுக் குழம்பை ஊற்றினால் பாதி ஊறிப் பாதி மொறுமொறுவென்று நிற்கும். லா பண்டேராவில் எனக்கு மிகப் பிடித்த கவளம் அது.

வாழைக்காயை வரி வரியாகக் கீறி, உப்புத் தண்ணீருக்குள் வைத்தே தோலுரித்தால் கையில் கறை பிடிக்காது. நம் கடைகளில் நேந்திரங்காய்தான் இதற்குப் பொருந்தும். விரல்மொத்தம் வெட்டி, மிதமான சூட்டில் மஞ்சளாகும்வரை பொரித்தெடுத்து, சூட்டோடு தட்டையாக நசுக்கி, இரண்டாம் முறை நல்ல சூட்டில் பொரிக்க வேண்டும். உப்பு தூவி உடனே சாப்பிட வேண்டியது, ஆறினால் அட்டை. சாலட்டுக்கு முட்டைக்கோஸ், தக்காளி, வெள்ளரி, எண்ணெய், வினிகர். வெண்ணெய்ப்பழத்துக்கு உப்பு மட்டும்.

முதல் முறையிலேயே முழுக் கொடியையும் ஏற்ற முயல வேண்டாம். ஒரு ஞாயிற்றுக்கிழமை சோறும் பயறும் மட்டும் செய்யுங்கள். கறியை அடுத்த வாரம் சேர்த்துக்கொள்ளலாம். பயறை வேண்டுமானால் குக்கரில் வேகவையுங்கள், அங்கேயும் பலர் அப்படித்தான் செய்கிறார்கள். சோற்றுக்கு மட்டும் குக்கரை எடுக்காதீர்கள். சாப்பிட்டு முடித்ததும் சட்டியில் தண்ணீர் ஊற்றிவிடாமல், முதலில் அடியைச் சுரண்டி எல்லோருக்கும் பங்கிடுங்கள்.