கஞ்சிப் பானையிலிருந்து போகும் வெப்பம்

திருவண்ணாமலையில் செங்கம் சாலை வழியே ரமணாசிரமப் பகுதிக்குச் சென்றவர்கள் அதன் பின்னே எழும் மலையைக் கண்டிருப்பீர்கள். இன்று பசுமையாகத் தெரியும் அம்மலை, நாற்பது ஆண்டுகளுக்கு முன் பெரும்பாலும் மொட்டைப் பாறையாகவே இருந்தது. விறகுக்கு வெட்டியதும், ஆடுமாடு மேய்ந்ததும், தீப்பிடித்ததும் காரணங்கள். மரம் நட்டு மீட்கப் பல்லாண்டுகள் ஆயின. நோன்பு மாதத்தில் எங்கள் மத்ரஸா முற்றத்தில் கஞ்சிக்கு விறகு அடுக்கும்போதெல்லாம் அந்த மலை என் நினைவில் வரும்.

கலைப் பட்டம் பெற்றவன் நான்; இயற்பியல் எனக்குத் தூரம். ஒரு மாணவனின் கேள்விதான் என்னைப் படிக்க வைத்தது: "ஹஜ்ரத், கஞ்சி கொதித்த பிறகும் ஏன் விறகு திணிக்கிறார்கள்? இன்னும் சூடாகுமா?"

ஆகாது. திறந்த பானையில் நீர் சுமார் 100 பாகையில் கொதிக்கும். அதற்கு மேல் எவ்வளவு தீயிட்டாலும் சூடு ஏறாது. ஒரு கிராம் நீரை 30 பாகையிலிருந்து கொதிநிலைக்குக் கொண்டுவர 70 கலோரி போதும். கொதித்த அதே நீரை ஆவியாக்கவோ ஏறக்குறைய 540 கலோரி வேண்டும்! ஆவி பறப்பதைக் கண்டு நாம் மகிழ்கிறோம், பறப்பது விறகு. ஆற்றங்கரையில் ஒளுச் செய்தாலும் நீரை வீணாக்கக் கூடாதென்று பாடம் நடத்துகிற நான், நெருப்பைப் பற்றி எண்ணியதே இல்லை.

அந்த ஆவியை வீணாக்காமல் சமைக்க முனைந்த கூடம் ஒன்று நம் மாநிலத்திலேயே உண்டு. செஞ்சி, திண்டிவனம் கடந்து சென்றால், புதுச்சேரிக்கு அருகே ஆரோவில்லில் 1997இல் தொடங்கிய சூரிய சமையற்கூடம். அதன் கூரையில் 15 மீட்டர் விட்டமுள்ள கண்ணாடிக் கிண்ணம் அமைத்தார்கள். கிண்ணம் அசையாது; சூரியன் நகர நகர, வெயில் குவியுமிடத்தைத் தேடி ஒரு கோல் நகரும். உருண்டை வளைவுக் கண்ணாடி ஒளியைப் புள்ளியில் குவிக்காமல் கோட்டில் குவிப்பதால்தான் அந்தக் கோல் வடிவம். கோலினுள் ஓடும் எண்ணெய் வெப்பத்தைச் சுமந்து சென்று நீரை ஆவியாக்கும். எண்ணெய் மெல்ல ஓடினால் அளவுமீறிக் காய்ந்து கெடும். விரைந்தோடினால் போதிய சூடேறாமல் திரும்பும். தெளிந்த வெயிலில் சுமார் 1,000 பேருக்கு இருவேளை சமைப்பது திட்டம். மேகமூட்ட நாளுக்கு டீசல் கொதிகலன் துணை.

ஆவி, பாத்திரச் சுவரில் பட்டு மீண்டும் நீராகும் கணத்தில், தான் வாங்கிய வெப்பத்தைத் திருப்பித் தந்துவிடுகிறது. எங்கள் முற்றத்தில் காற்றில் விட்டதை அங்கே உலையில் வாங்கிக்கொள்கிறார்கள்.

வெயிலைக் குவிக்கும் கண்ணாடிகளைப் பற்றி, பஸ்ராவில் பிறந்த இப்னுல் ஹைதம் ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே உருண்டை வளைவுக்கு ஒன்று, பரவளைவுக்கு ஒன்று எனத் தனித்தனி நூல்கள் எழுதினார். நான் ஓதிய காலத்தில் இதை எவரும் எனக்குச் சொல்லவில்லை.

கண்ணாடிக் கிண்ணத்துக்கு எங்களிடம் பணம் ஏது? மூடி இருந்தது. கஞ்சி காய்ச்சும் பெரியவரிடம் சொன்னேன். "மூடினால் பொங்கி வழியுமே, ஹஜ்ரத்!" என்றார். நியாயமான பேச்சு. கொதி வந்ததும் இரண்டு கட்டைகளை வெளியே இழுத்துவிட்டு, மூடியைச் சற்றே சாய்த்து வைத்தோம். பாங்குக்குள் அரிசி கரையுமா என்ற அச்சம் அஸருக்குப் பின் எல்லார் முகத்திலும் இருந்தது. கரைந்தது. மிஞ்சிய விறகைக் காட்டி, "இதை நாளைக்கு வைத்துக்கொள்ளலாமா?" என்று பெரியவர் கேட்டார்.