இரு கரைகளுக்கு நடுவே

ஜாஸ் புரியவில்லை என்று சொல்பவர்களோடு நான் வாதிடுவதில்லை. நானும் அப்படிச் சொன்னவன்தான். ஆர்ட் பிளேக்கியின் 'ஜாஸ் மெசெஞ்சர்ஸ்' குழு வாசித்த ஹார்ட் பொப் உடனே பிடித்துப்போயிற்று. புளூஸும் தேவாலயப் பாடலும் கலந்த மெட்டு. காலைத் தட்டவைக்கும் தாளம். ஆனால் ஓர்னெட் கோல்மன் 1960இல் பதிவுசெய்த 'ஃப்ரீ ஜாஸ்' இசைத்தட்டைப் பத்து நிமிடங்களுக்கு மேல் என்னால் கேட்க முடியவில்லை. இரண்டுக்கும் நடுவே ஓர் இடம் உண்டு என்பதை எனக்குக் காட்டியவர் எரிக் டொல்பி.

அவருடைய 'அவுட் டு லஞ்ச்' 1964 பெப்ரவரி 25ஆம் திகதி, நியூஜேர்சியில் றூடி வான் கெல்டரின் கலையகத்தில் புளூ நோட் நிறுவனத்துக்காகப் பதிவானது. முதல் தடவை, முதல் உருப்படியிலேயே நிறுத்திவிட்டேன். முதற் பந்தியிலேயே முழுச் செய்தியையும் தேடும் பத்திரிகைக்காரனின் அவசரம் அது.

பல மாதங்களின் பின் மீண்டும் கேட்டபோது, மற்றவற்றை விட்டுவிட்டு றிச்சர்ட் டேவிஸின் பாஸ் வாத்தியத்தை மட்டும் பின்தொடர்ந்தேன். தெலோனியஸ் மங்கை மனத்திற்கொண்டு 'தொப்பியும் தாடியும்' என்று பொருள்படப் பெயரிட்ட உருப்படி அது. பாஸ் ஒரே சுரவரிசையைத் திரும்பத் திரும்ப வாசிக்கிறது. அதைப் பற்றிக்கொண்டால், டொல்பியின் பாஸ் கிளாரினெற் எங்கெங்கோ தாவினாலும் நாம் வழி தவறுவதில்லை.

குழுவில் பியானோ இல்லை. அதன் இடத்தில் பொபி ஹட்சர்சனின் வைப்ரஃபோன் சில சுரங்களை ஒலித்துவிட்டு, வெளியை மற்றவர்களுக்கு விட்டுக்கொடுக்கிறது. ட்ரம்ஸ் வாசித்த ரோனி வில்லியம்ஸுக்கு அப்போது வயது 18. ட்ரம்பெற் வாசித்த ஃபிரெடி ஹபார்டோ பிளேக்கியின் குழுவிலும் இருந்தவர், 'ஃப்ரீ ஜாஸ்' பதிவிலும் வாசித்தவர். இரு கரைகளையும் அறிந்தவர். மெட்டு, தனி வாசிப்புகள், மீண்டும் மெட்டு என்ற பழைய கட்டுக்கோப்பு இங்கும் குலையவில்லை. சுவர்கள் அப்படியே நிற்கின்றன. கதவுகளைத்தான் டொல்பி கழற்றிவிட்டார்.

அதே ஆண்டு யூன் 29ஆம் திகதி, நீரிழிவு நோயினால் பேர்லினில் அவர் இறந்தார். வயது 36. இசைத்தட்டு அதன் பின்னரே வெளிவந்தது. அதன் அட்டையில், திரும்பி வருவோம் என்று அறிவிக்கும் ஒரு கடைக்கதவுப் பலகை. அதிலுள்ள கடிகாரத்தில் பல முட்கள். எத்தனை மணிக்கு என்று எவராலும் சொல்ல முடியாது. முன்பு அதை வேடிக்கையென்று ரசித்தேன். இப்போது அந்த அட்டையை அதிக நேரம் பார்க்க முடிவதில்லை. இசைத்தட்டைச் சுழலவிட்டுப் பாஸ் தொடங்கும் வரை காத்திருக்கிறேன்.