மதிலுக்கு வெளியே மட்டும்

திருகோணமலை நகருக்குள் புள்ளிமான் நிற்பது ஊராருக்குப் புதினமல்ல. பிரெட்றிக் கோட்டையில் மட்டுமல்ல, வீதியோரம், கடற்கரைப் பக்கம் என்று மாடுகளோடு மாடாகத் திரியும். அவற்றுக்குத் தீனி போட்டதால் ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர் நீதிமன்றம் ஏற வேண்டி வந்தது. அவருக்காகத் தோன்றியவன் நான்.

ரீச்சர் பின்னேரங்களில் மரக்கறிக் கழிவையும் மிஞ்சிய பாணையும் படலைக்கு வெளியே, ஒழுங்கையில் கொட்டுவார். அந்த நேரத்துக்கு மான்கள் வந்து காத்து நிற்கும். ஒருநாள் மம்மல் பொழுதில் மோட்டார் சைக்கிளில் வந்த பொடியன் ஒருவன் மானில் மோதி விழுந்து கையை முறித்துக்கொண்டான். ஏற்கெனவே பூங்கன்றுகளைப் பறிகொடுத்திருந்த அயலவர்கள் பொலிசுக்குப் போனார்கள். 1979ஆம் ஆண்டின் குற்றவியல் நடவடிக்கைமுறைச் சட்டத்தின் 98ஆம் பிரிவின்கீழ், பொதுத்தொல்லை என்று விஷயம் நீதவான் முன் வந்தது.

மான் யாருடைய வளர்ப்பும் அல்ல, அது செய்கிற தொல்லைக்கு என் கட்சிக்காரர் எப்படிப் பொறுப்பு என்று கேட்டேன். தீனி போடக்கூடாதென்று உபவிதி இருந்தால் காட்டட்டும் என்றேன். உபவிதி என்றால் சபையில் நிறைவேறி, அங்கீகாரம் பெற்று, வர்த்தமானியில் வரவேண்டும்; சுவரில் தொங்கும் பலகை சட்டமாகாது. எதிர்த்தரப்புச் சட்டத்தரணி கெட்டிக்காரர். மானை விட்டுவிட்டு வீதியைப் பிடித்துக்கொண்டார்: தொல்லை மான் அல்ல, வீதியில் கொட்டும் சாப்பாடு.

சாட்சிக்கு வந்த மிருக வைத்தியர் ஒரு படத்தை நீட்டினார். செத்த மானின் இரைப்பையிலிருந்து எடுத்த பொலித்தீன், முறுகித் திரண்டு தேங்காய் அளவில் இருந்தது. அதற்குள் ஒரு சொப்பிங் பையின் கைபிடி மட்டும் முழுசாகத் தெரிந்தது. மான் இரைமீட்கும் பிராணி; அதன் வயிற்று நுண்ணுயிர்கள் புல்லுக்கும் இலைக்கும் பழகியவை; பாணும் சோறும் மிஞ்சிப்போனால் அமிலம் ஏறி மான் சாகவும் கூடும் என்று விளக்கினார்.

“இந்தப் பை என் கட்சிக்காரர் போட்டதா?”

“சொல்ல ஏலாது. குப்பையில தின்றிருக்கும். மனுசர் இருக்கிற இடத்தில சாப்பாடு கிடைக்கும் எண்டு அதுக்குப் பழக்கினது ஆர்?”

நீதவான் அதைக் குறித்துக்கொண்டார். வழக்கு அங்கேதான் திரும்பியது.

கட்சிக்காரருக்காக வாதாடியது வேறு. தீனி போடுவதைத் தடைசெய்யத்தான் வேண்டும் என்பது என் சொந்த அபிப்பிராயம். ஆனால் சந்தைக் கழிவு திறந்தபடி கிடக்க, படலையடியில் கீரைத்தண்டு போடுகிறவரை மட்டும் பிடிக்கிற தடை எனக்கு உடன்பாடில்லை. உபவிதி எழுதுவதானால் குப்பைக்கு மூடி போடுவது முதல் வாசகமாக இருக்கட்டும்.

வீதியில் உணவு போடக்கூடாது என்று கட்டளை வந்தது. அவ்வளவுதான். வெளியே வந்ததும் ரீச்சர் கேட்டார்:

“தம்பி, வளவுக்குள்ள போட்டா?”

“கட்டளை வீதிக்குத்தான் ரீச்சர். எண்டாலும் டொக்டர் சொன்னதைக் கேட்டனீங்கள்தானே.”

“பாணை நிப்பாட்டுறன். அப்ப படலையைத் திறந்து விடலாமோ?”

திறந்தால் அயலவர்கள் திரும்பவும் வருவார்கள், அடுத்த முறை வேறு சட்டத்தரணியைப் பாருங்கள் என்றேன்.