நோய் தெளிந்தார்க்கு ஒரு சீனப் பாயசம்

காய்ச்சல் தணிந்தபின் நோயாளியை உண்ணச் செய்வது காய்ச்சலைத் தணிப்பதிலும் கடினம் என்பதைச் சென்ற மாரிகாலத்தில் நாம் நேரிற் கண்டோம். 76 வயதான எம் அன்னையாரை டெங்குக் காய்ச்சல் ஒன்பது நாள் வாட்டிவிட்டு அகன்றது. நாவின் கசப்பு மட்டும் அகலவில்லை. கஞ்சிக் கோப்பையைக் கண்டதும் முகத்தைத் திருப்பிக்கொள்வார். அவருடைய கைகள் நாளுக்கு நாள் மெலிவதைப் பார்த்துக்கொண்டிருந்தோம். வகுப்பிலே நாற்பது மாணவரை அடக்கியாளும் எமக்குப் பெற்ற தாயின் வாயில் ஒரு கரண்டி உணவை வைக்க வல்லமை இருக்கவில்லை.

அன்னையாரின் தங்கை, எம் சின்னம்மா, மலேசியாவின் ஈப்போ நகரில் வாழ்கிறார். புகைவண்டிச் சேவையில் உத்தியோகம் பார்க்க அந்நாளில் மலாயாவுக்குப் போன யாழ்ப்பாணத்தவர் குடும்பம் ஒன்றில் வாழ்க்கைப்பட்டவர் அவர். 2017ஆம் ஆண்டு நாம் அங்கே சென்றிருந்தபோது, அடுத்த வீட்டுக் கன்ரனீசியச் சீன மூதாட்டியார் மாலை வேளையில் மண்சட்டி ஒன்றிற் காய்ச்சிய இனிப்பு நீரை எமக்கும் ஒரு கோப்பை தந்தார். தென்சீனத்தின் குவாங்டொங் மாகாணத்தவர் இவ்வகைப் பாயசங்களைத் ‘தோங் சுயி’ என்பர். சீனி நீர் என்பதே அதன் பொருள். (நாம் வழங்கும் ‘சீனி’ என்ற சொல்லும் அந்நாட்டின் பெயரோடு உறவுடையதே.) அன்னையாரின் நிலையைத் தொலைபேசியிற் கேட்ட சின்னம்மா, ஊருக்கு வந்த உறவினர் ஒருவர் கையில் அதற்கு வேண்டிய சரக்குகளைப் பொதியாகக் கட்டி அனுப்பிவிட்டார்.

பொதியை அவிழ்த்தோம். காய்ந்த கடற்பஞ்சு போன்ற இளமஞ்சட் பூக்கள் நான்கு, தோலுரித்த தாமரை விதை, சுருங்கிய செம்பழம், சிறு சிவப்பு மணிகளான கோஜிப் பழம், கற்கண்டு. பூக்கள் போன்றவை மரத்தில் வளரும் வெண்காளான்கள். சீனர் இதனை ‘வெள்ளிச் செவி’ என அழைப்பர். ஒரு காலத்தில் காட்டிலே அருகிக் கிடைத்துச் செல்வர் வீட்டுப் பண்டமாயிருந்த இது, இன்று பூஜியன் மாகாணத்திலே பெருமளவிற் பயிராகிறது. பளிச்சென்று வெளுத்திருப்பதைக் கந்தகப்புகை காட்டி வெளுப்பாக்கியிருக்கக் கூடுமாதலால், சற்றே மஞ்சள் படிந்ததை வாங்குவதே நன்று. செம்பழத்தைப் பலர் பேரீச்சை என மயங்குவர். அது எம்மூர் இலந்தையின் இனம்.

இனி எம் பிழையைச் சொல்ல வேண்டும். உழுந்தையும் பயற்றையும் இரவில் ஊறவிட்டுப் பழகிய நாம், இரண்டு காளான்களை இரவு ஒன்பது மணிக்கு நீரிலிட்டு உறங்கச் சென்றோம். விடியலில் அவை பாத்திரம் நிறையப் பொங்கி மலர்ந்திருந்தன. பெருமையோடு சின்னம்மாவுக்குச் சொன்னோம்.

“ஐயோ தம்பி, இரவிரவா ஊறவிட்டனியோ? கொட்டு! கொண்டுபோய்க் கொட்டு!” என்றார் அவர்.

எம் இல்லாளுக்கு மனம் ஒப்பவில்லை. “இஞ்சேருங்கோ, மணமும் மாறேல்லை. கொதிக்க வைச்சால் எல்லாம் செத்துப்போகும்தானே?” என்றார். எமக்கும் அவ்வாறே தோன்றியது. எனினும், ஊட்டப் போவது நோயிலிருந்து எழுந்த தாய்க்கு அல்லவா? நூல்களைப் புரட்டினோம். ஊறிய காளான் வெப்பத்தில் நெடுநேரம் கிடந்தால் ஒருவகைப் பற்றீரியா அதிற் பெருகிப் பொங்கிரெக்கிக் அமிலம் என்னும் நஞ்சை உண்டாக்கக் கூடும். யாவாத்தீவிற் பலரை மாய்த்த ‘தெம்பே பொங்கிரெக்’ என்ற தேங்காய்ப் பண்டத்தாற் பெற்ற பெயர் அது. 2020ஆம் ஆண்டு வடகிழக்குச் சீனத்தின் ஜீசி நகரிலே புளித்த சோளமாவு உணவை உண்ட ஒன்பது பேர் இந்நஞ்சினால் இறந்தனர். நிறமில்லை, மணமில்லை, கொதித்தாலும் அழியாது. எம் பாத்திரத்தில் அது இருந்ததோ இல்லையோ, பார்த்தறிய வழியில்லை. இரண்டு காளான்களையும் கொல்லையிற் குழி தோண்டிப் புதைத்தோம். தாய்க்கு நாமே நஞ்சூட்டியிருக்கக் கூடும் என்ற எண்ணம் அன்று முழுவதும் எம்மை விட்டகலவில்லை.

மாலையில் மீண்டும் தொடங்கினோம். ஒரேயொரு காளானைக் குளிர்நீரில் ஒரு மணிநேரம் மாத்திரம் ஊறவிட்டு, அடியிலுள்ள கெட்டியான மஞ்சட் பகுதியை வெட்டியெறிந்து, எஞ்சியதைச் சிறு துண்டுகளாகப் பிய்த்தோம். வேறாக ஊறிய தாமரை விதை முப்பதைப் பிளந்து, உள்ளிருக்கும் பச்சை முளையை அகற்றினோம். அம்முளை ஒன்று தப்பினாலும் கசக்கும். நாக்குக் கசந்தவர்க்கு அதுவும் வேண்டுமா? ஒன்றரை லீற்றர் நீரில் இரண்டையும் இட்டுக் கொதித்ததும் தணலைக் குறைத்தோம். ஒரு மணிநேரம் கழித்துக் கொட்டை நீக்கிய செம்பழம் பத்து. மேலும் அரை மணி சென்று, விதை விரலில் நசுங்கியபின் கற்கண்டு ஒரு சிறு கைப்பிடி. கற்கண்டை முந்தி இட்டால் விதை மெதுமையாகாது என்பது சின்னம்மாவின் கட்டளை. கோஜிப் பழம் இறக்குவதற்கு ஐந்து நிமிடம் முன்னர். காளானின் பசை நீரிற் கலந்து, அகப்பையில் நூலாக ஒழுகும்போது பதம்.

நுரையீரலுக்குக் குளிர்ச்சி, மேனிக்குப் பொலிவு என்றெல்லாம் சீன வைத்தியர் இதனைப் போற்றுவர். அப்பசையைக் கொலாஜன் என விற்போரும் உளர். கொலாஜன் விலங்குப் புரதம். இதிலுள்ளதோ காளானின் நார்ப்பசை. புரதத்துக்கு வைத்தியர் சொன்ன பாலையும் பருப்பையும் நாம் நிறுத்தவில்லை. அன்னையாருக்கு நீரிழிவு இல்லாதபடியாற் கற்கண்டு சேர்த்தோம். உள்ளவர்கள் செம்பழத்தின் இனிப்பையும் கணக்கிற் கொள்ள வேண்டும். விழுங்க இலகுவானது, வறண்ட வாய்க்கு இதமானது, உடலுக்கு நீரும் சேர்கிறது. எமக்கு வேண்டியிருந்தது அவ்வளவே.

இளஞ்சூட்டிற் கோப்பையை நீட்டியபோது, வாழ்நாளெல்லாம் சைவ உணவே உண்ட அன்னையார் உள்ளே மிதந்த துண்டை ஐயத்தோடு நோக்கினார். ‘வெள்ளிச் செவி’ என்ற பெயரை எம் மகள் முன்பே அவர் காதில் ஓதிவிட்டாள் போலும்.

“உது எந்தப் பிராணியின்ரை காது, மோனை?”

“காளான் அம்மா. மரத்திலை முளைக்கிறது.”

முதல் நாள் மூன்று கரண்டி. மறுநாள் அரைக் கோப்பை. நான்காம் நாள் தாமே கோப்பையைக் கையில் ஏந்தினார். கை நடுங்கியது; ஆயினும் எம்மைப் பிடிக்கவிடவில்லை. பயற்றையும் இவ்வாறே கற்கண்டிட்டுச் சீனர் காய்ச்சுவதுண்டு என்று சொன்னோம்.

“அப்ப உவையளும் எங்கடை பயற்றங்கஞ்சிதானே குடிக்கினம்,” என்று சிரித்துவிட்டு, “நாளைக்கு அதைக் காய்ச்சு. தேங்காய்ப்பால் விட்டுக் காய்ச்சு,” என்றார்.