கடிதத் தலைப்பு

கான்ஸாஸ் மாகாணத்துச் சிற்றூர் ஒன்றில் என் மகள் குடியிருக்கிறாள். அங்கே போய் மூன்று மாதம் தங்கியிருந்தேன். பகலெல்லாம் தெருவில் ஆள் நடமாட்டமே கிடையாது. பேச்சுத் துணையில்லாமல் தவித்த எனக்குப் பக்கத்து வீட்டுப் பெரியவர் வாய்த்தது பாக்கியந்தான். வியட்நாம் யுத்தத்தில் லாரி ஓட்டியவர். சர்க்கார் ஆஸ்பத்திரியிலிருந்து வந்த கடிதங்களை ஒன்று விடாமல் ஒரு தகரப் பெட்டியில் அடுக்கி வைத்திருந்தார். "கதை எழுதுகிறவராமே! இதைப் படித்துப் பாருங்கள்" என்று ஒரு நாள் பெட்டியை என் முன் திறந்து வைத்தார்.

பார்த்தேன். நோயாளி ஒருவர்தாம், கடிதத் தலைப்புகள் மட்டும் மாறிக்கொண்டே வந்திருந்தன.

பட்டாளத்திலிருந்து விலகியவர்களுக்கென்று அமெரிக்காவில் சுமார் 170 ஆஸ்பத்திரிகள் உண்டு. 1995 வரையில் தேசத்தையே நான்கு பெரிய மண்டலங்களாக வகுத்து அவற்றை நிர்வகித்தார்கள். சட்டம் ஒரு வேடிக்கை வேறு செய்திருந்தது. யுத்தத்தில் காயம்படாதவர்களில் பலருக்கு, வந்து காட்டிவிட்டுப் போவதைக் காட்டிலும் படுக்கையில் சேர்ந்து வைத்தியம் பெறுவது சுலபம்! முழங்கால் வலிக்காக 140 மைல் போன பெரியவரை மூன்று நாள் படுக்க வைத்தார்களாம். "சாப்பாட்டுக்குக் குறைவில்லை. வீட்டில்தான் மாடு கறக்க ஆளில்லை" என்றார்.

இந்த வைத்திய இலாகாவின் தலைவராக வந்த டாக்டர் கென்னத் கைஸர், 1995-ல் நான்கு மண்டலங்களை 22 வட்டாரங்களாக்கினார். பிரிப்பது பெரிய காரியமில்லை. நானும் தாலுகா ஆபீஸில் குமாஸ்தாவாக இருந்தவன். ஜில்லாவைப் பிரித்தபோது கோப்புக் கட்டுகள் லாரி ஏறியதைப் பார்த்திருக்கிறேன். கைஸர் கோடு கிழித்த விதந்தான் எனக்குப் பிடித்தது. மாகாண எல்லையை அவர் பிரதானமாகக் கொள்ளவில்லை. நோயாளிகள் வழக்கமாக எங்கிருந்து எங்கே அனுப்பப்படுகிறார்கள் என்று பார்த்து, அந்தப் போக்கிலேயே கோட்டை இழுத்தார். 1996-ல் சட்டமும் திருந்தியது. 1997 முதல், எத்தனை பேருக்கு வைத்தியம் நடக்கிறது என்று பார்த்து வட்டாரங்களுக்குப் பணம் போயிற்று. சில வருஷங்களில் படுக்கைகளில் பாதிக்கு மேல் மறைந்தன. சிற்றூர்களில் கிளினிக்குகள் முளைத்தன. பெரியவருக்கு 140 மைல் 20 மைலாயிற்று.

கதை இத்துடன் முடிந்திருந்தால் நான் எழுத உட்கார்ந்திருக்க மாட்டேன்.

எதையும் அளந்து பார்ப்பது இந்தச் சீர்திருத்தத்தின் உயிர். அளவுகோல் நாளாக நாளாகப் பிரம்பாயிற்று. 14 நாளுக்குள் நோயாளி டாக்டரைப் பார்த்தாக வேண்டும் என்று 2011-ல் கெடு வைத்தார்கள். டாக்டர்களோ போதவில்லை. 2014-ல் பீனிக்ஸ் நகரத்து ஆஸ்பத்திரியைச் சோதித்தபோது, காத்திருந்த 1,700 பேர் அதிகாரபூர்வமான ஜாபிதாவிலேயே இல்லை என்று தெரிந்தது. இலாகா மந்திரி எரிக் ஷின்செகி ராஜினாமாச் செய்தார்.

அந்த ஆஸ்பத்திரிக் குமாஸ்தாக்கள்மீது எனக்கு முழுசாகக் கோபம் வரவில்லை. மாதக் கடைசியில் 'நிலுவை: இல்லை' என்று எழுதி மேலே அனுப்பியாக வேண்டும். கட்டைப் பீரோவுக்குப் பின்னால் தள்ளிவிட்டால் தீர்ந்தது. நானே தள்ளியிருக்கிறேன். அப்படித் தள்ளிய ஒரு கட்டில் ஒரு விதவையின் பென்ஷன் மனு இருந்தது. இரண்டு மாதம் கழித்துத்தான் அதை வெளியே எடுத்தேன். அந்த அம்மாள் வாரந்தோறும் வந்து என் மேஜைக்கு எதிரே நின்றுவிட்டுப் போவாள். "மேலே போயிருக்கிறது அம்மா" என்பேன்.

பெரியவருடைய வட்டாரத்தின் எண் 15. பக்கத்து எண்களான 13, 14 இரண்டையும் 2002-ல் ஒன்றாக்கி, அதற்கு 23 என்று எண் கொடுத்தார்கள். ஏன் 13 என்றே விடவில்லை என்று கேட்டேன்; பெரியவர் சிரித்தார். 21 வட்டாரங்களை 18 ஆக்க 2015-ல் தீர்மானித்தார்கள். 2025 டிசம்பரில், பதினெட்டை ஐந்தாக்கப் போவதாக அறிவிப்பு வந்தது.

அப்போது நான் ஊர் திரும்பிவிட்டேன். மகள்தான் டெலிபோனில் சொன்னாள். செய்தியைக் கேட்டதும் பெரியவர், "ஐந்தாக்கட்டும், ஐம்பதாக்கட்டும். ஜன்னலில் உட்காருகிற அந்தப் பெண்ணை மாற்றிவிடுவார்களா?" என்று விசாரித்தாராம். அவருக்குக் காது மந்தம். பேர் கூப்பிடும்போது அவள் எழுந்து வந்து அவர் தோளைத் தொடுவாள்.