இரண்டு கோடுகள்

என் அக்காள் மகள் கல்லூரியில் ‘சி’ என்ற கணினி மொழி படிக்கிறாள். ஒரு நாள் திரையை எட்டிப் பார்த்தேன். ‘பாக்கி = பாக்கி + 50’ என்று பொருள்படும் ஒரு வரி! எங்கள் கணக்கு வாத்தியார் பார்த்திருந்தால் பிரம்பைத் தேடியிருப்பார்.

“அது சமக்குறி இல்லை, மாமா. வலப்பக்கத்தைக் கூட்டி, விடையை இடப்பக்கத்துப் பெட்டியில் போடு என்கிற உத்தரவு. சமமா என்று கேட்கணும்னா இரண்டு குறி போடணும்.”

நல்ல நியாயம்! 1557-ல் ராபர்ட் ரெக்கார்டு என்ற வேல்ஸ் நாட்டு மருத்துவர், ‘இதற்கு அது சமம்’ என்று எழுதியெழுதிச் சலித்து, ஒரே நீளத்தில் இரண்டு கோடுகளைப் போட்டார். (பாவம், மறு வருஷமே கடனுக்காகச் சிறையில் கிடந்து இறந்தார்.) 1957-ல் வந்த ஃபோர்ட்ரான் மொழி அந்தக் கோடுகளை உத்தரவுக் குறியாக்கிவிட்டது. அல்கால் மொழிக்காரர்கள் மட்டும் மனச்சாட்சியோடு முன்னால் ஒரு முக்காற்புள்ளி வைத்தார்கள். பெல் ஆய்வுக்கூடத்துக் கென் தாம்ஸனோ, உத்தரவுதானே அடிக்கடி வருகிறது, அதற்குச் சின்னக் குறி போதும் என்றார். டென்னிஸ் ரிட்சியின் ‘சி’யும் அதையே சுவீகரித்தது.

அந்தச் சிக்கனம் எங்கள் மூலைக்கடை அண்ணாச்சியின் தலையில் விடிந்தது. அவருடைய பற்றுக் கணக்குக்கு இந்தப் பெண்தான் நிரல் எழுதிக் கொடுத்தாள். ‘பாக்கி பூஜ்யமா?’ என்று கேட்க வேண்டிய இடத்தில் ஒரு குறி விட்டுப்போயிற்று. ‘பாக்கியைப் பூஜ்யமாக்கு’ என்று ஆகிவிட்டது. ‘சி’யில் உத்தரவுக்கும் ஒரு மதிப்பு உண்டாம், அதனால் கேள்வியின் ஸ்தானத்தில் அதை வைத்தாலும் யந்திரம் ஆட்சேபிப்பதில்லை. எச்சரிக்கை ஒன்று வந்ததாம், இவள் படிக்கவில்லை.

“ஊர்க் கடனையெல்லாம் தள்ளுபடி பண்ணிட்டியே, தாயி!” என்றார் அண்ணாச்சி. பெண் அழுதுவிட்டாள்.

இதே வித்தையை 2003-ல் யாரோ வேண்டுமென்றே லினக்ஸ் நிரலின் ஒரு பிரதியில் செருகினார்கள். ‘இவன் சர்வாதிகாரம் பெற்றவனா?’ என்று கேட்பது போன்ற தோற்றம். உண்மையில், அவனுக்கு அதிகாரத்தைக் கொடு என்ற உத்தரவு! மூலத்தோடு ஒத்துப் பார்த்ததில் அகப்பட்டது. இதைச் சொல்லித்தான் அவளைத் தேற்றினேன்.

ஆனால் எங்களிடம் ஒத்துப் பார்க்க மூலம் ஏது? அண்ணாச்சி நோட்டுப் புத்தகத்தை மூடி இரண்டு மாதமாகியிருந்தது. கடைவாசலில் உட்கார்ந்து, வருகிறவர்களை அவரவர் வாயாலேயே பாக்கியைச் சொல்லவைத்து எழுதினோம். அநேகம் பேர் கூசாமல் சொன்னார்கள். அண்ணாச்சி தலையை ஆட்டிக்கொண்டே வந்தார்.

என் முறை வந்தது. 640 என்றேன். அண்ணாச்சியின் தலை ஆடவில்லை.

வீட்டுக்கு வந்து மனைவியைக் கேட்டேன். “870” என்றாள்.

கழற்றிய செருப்பை மறுபடி மாட்டிக்கொண்டேன்.