மாறாத நாற்பது

சென்ற பருவத்தில் கணிதத்தில் நான் பெற்றது சரியாக 40. என்னைப் போல் விளிம்பில் தேறியவர்களைப் பட்டியலிட, ஆய்வகத்தில் ‘சி’ மொழியில் நிரல் எழுதினேன். வகுப்பு முழுவதும் வந்து நின்றது, முதல் மாணவி உட்பட! ஒரு கணம் மகிழ்ந்தேன் என்பதை மறைப்பானேன்?

ஒப்பிட இரண்டு சமக்குறி வேண்டும்; நான் இட்டது ஒன்று. அது ஒப்பிடாது, மதிப்பையே மாற்றிவிடும். தேர்ச்சி வரம்பாக நான் வைத்த 40, ஒவ்வொருவர் மதிப்பெண்ணாகவும் மாறிக்கொண்டே போயிருக்கிறது. கம்பைலர் வாய் திறக்கவில்லை.

1989ஆம் ஆண்டுத் தரப்பாட்டில் இடம்பெற்ற ‘கான்ஸ்ட்’ என்னும் சொல்லை வரம்பின் முன் எழுதினேன். இம்முறை அந்த வரியிலேயே பிழை காட்டி நிறுத்தியது. விடுபட்ட குறியைச் சேர்த்தேன். மூன்றே பெயர்கள் வந்தன; கடைசியில் என் பெயர்.